குவீனி பள்ளத்தில் ஒரு மட்டக்குதிரை

ராய்ஸ்டன் டிரான்டருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது மார்ச் மாதத்தில். அதற்குப் பிறகு அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைதான் அவர் மனைவி லொரெய்ன் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடுவில் ஏழு மாதம் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய முப்பத்தொரு வருஷத்தில் சேர்ந்தாற்போல ஏழு நாள்கூட அவர் அங்கே போகாமல் இருந்ததில்லை.

பார்க் என்பது ஊர்க்காரர்கள் வாயில் வரும் பெயர்தான். உள்ளே போனால் இரண்டாயிரம் ஏக்கர் காடும் புதர்வெளியும். நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி இது கிடக்கும். ராய்ஸ்டன் அதன் வார்டன். வேலி கட்டுவது, மரம் அறுப்பது, வழி தவறிய பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது, மேய்கிற மட்டக்குதிரைகளைக் கணக்கு வைப்பது எல்லாம் அவர்தான். இன்னும் இரண்டு வருஷம் வேலை பாக்கி இருந்தது.

வலது காலும் வலது கையும் போனதைக்கூட அவர் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டார். பேச்சு போனதுதான் தாங்கவில்லை. மண்டைக்குள் எல்லாச் சொற்களும் அப்படியே இருந்தன, வரிசை குலையாமல். வாயைத் திறந்தால் மட்டும் ஒரே ஒரு சொல்தான் வந்தது: செவ்வாய்க்கிழமை. தண்ணீர் வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை, வலி என்றாலும் செவ்வாய்க்கிழமை. கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக, எழுத்துப் பிசகாமல் வரும். அதையும் வேண்டும்போது வரவழைக்க முடியாது. பாதிரியார் பார்க்க வந்த அன்று தானாக வந்தது.

"ஏன் செவ்வாய்க்கிழமைன்னு யாருக்குமே தெரியல," என்று லொரெய்ன் எல்லோரிடமும் சொல்லுவாள். "எங்க கல்யாணம் சனிக்கிழமை. குப்பை வண்டி வர்றது வியாழக்கிழமை. அப்ப செவ்வாய்க்கிழமையில யாருடா அவ, ராய்?"

அவர் சிரிப்பார். சிரிப்பு மட்டும் பழையபடியே இருந்தது, பாதி முகத்தில்.

எழுத்தும் போய்விட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கிறுக்கல்தான். ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதும் நம்பும்படி இல்லை. இல்லை என்று நினைத்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டிவிடுவார். பாதி ஆட்டத்தில்தான் அது அவருக்கே தெரியும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு பட அட்டை செய்து கொடுத்திருந்தாள். கழிவறை, தண்ணீர், டீ, படுக்கை, வலி, குளிர், டிவி, வீடு. எட்டுப் படம். அது எப்போதும் நாற்காலியின் கைப்பிடியில் கயிற்றில் தொங்கும்.

"பாரு, மழை விட்டுருச்சு. உனக்காகத்தான்," என்றாள் லொரெய்ன், கார் நிறுத்துமிடத்தில் அவரை நாற்காலிக்கு மாற்றி இடுப்பு வாரை மாட்டிக்கொண்டே. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கியவள். கையில் வலு இருந்தது. "ஃபிளாஸ்க்ல டீ இருக்கு. சாண்ட்விச்ச சின்னச் சின்னதா வெட்டிருக்கேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, பெருசா வெட்டுனா உனக்குப் புரையேறும்."

ஓக் மரங்களுக்கு அடியில் பாதை நன்றாக இருந்தது. நனைந்த இலை வாசனை மூக்கில் ஏறியதும் ராய்ஸ்டன் தலையை நிமிர்த்தி இன்னொரு மூச்சு இழுத்தார். மரங்கள் முடிந்து வெளி திறந்தது. ஹெதர் குத்துச்செடிகளின் பூவெல்லாம் பழுப்பேறி உதிர்ந்திருந்தது. அங்கங்கே முள்புதர்களில் மஞ்சள் பூ நாலைந்து. தூரத்தில் கோபுரமாய் நிற்கும் அடுக்குமாடி வீடுகள், அதற்கும் அப்பால் நெடுஞ்சாலையின் இரைச்சல். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் பாதைக்கு இடப்பக்கம் பிர்ச் மரக்கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கிடந்தன. வருஷா வருஷம் செப்டம்பரில் பிடுங்க வேண்டியவை. இந்த வருஷம் யாரும் தொடவில்லை. இப்படியே விட்டால் ஐந்து வருஷத்தில் வெளி போய்க் காடுதான் நிற்கும்.

"செவ்வாய்க்கிழமை," என்றார், கையை நீட்டி.

"ஆமா, அழகாத்தான் இருக்கு," என்றாள் லொரெய்ன்.

அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

குளத்துப் பெஞ்சு வரைக்கும் போகலாம் என்பது அவள் திட்டம். பாதை மணலாக மாறியதும் சக்கரம் புதைந்தது. அவள் மூச்சு வாங்கத் தள்ளி, பின்பக்கமாகத் திருப்பி இழுத்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, "நீ சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, மறுபடி தள்ளினாள். அந்த நேரத்தில்தான் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. விளையாட்டுக் குரைப்பு இல்லை. விடாமல், ஒரே இடத்திலிருந்து வந்தது. சத்தம் குவீனி பள்ளத்துப் பக்கம் என்று ராய்ஸ்டனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

குவீனி என்பது எந்தக் காலத்திலோ அந்தச் சதுப்பில் முங்கிப்போன ஒரு பசுவின் பெயர். பார்ப்பதற்குப் புல்வெளி மாதிரியே இருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து பழுப்பாகும்போது அங்கே மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். மழைக்காலத்தில் வேலிக்கம்பி தளர்ந்தால் மட்டக்குதிரைகள் அந்தப் பச்சையைப் பார்த்து இறங்கிவிடும்.

ஒன்று இறங்கியிருந்தது. பழுப்பு நிறப் பெண்குதிரை. மூக்கு மட்டும் மாவில் தோய்த்த மாதிரி வெளுப்பு. கரையிலிருந்து நாலு ஆள் நீளத்தில், வயிறு வரைக்கும் கறுப்புச் சேற்றுக்குள் நின்றது. கரையில் ஓர் இளைஞன் நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். பார்சல் வண்டிக்காரர்கள் போடும் சட்டை.

"போன் இருக்கா உங்ககிட்ட?" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "எங்கிட்ட சார்ஜே இல்ல! நானே தேடிட்டு இருக்கேன் யாராச்சும் வருவாங்களான்னு!"

லொரெய்ன் தீயணைப்புக்கு அழைத்தாள். இடத்தை மூன்று தரம் சொன்னாள். "வாசல்லாம் தெரியாதுங்க, நீங்க குவீனி பள்ளம்னு சொல்லுங்க, பழைய ஆளுங்களுக்குத் தெரியும்... என்னது, பழைய ஆளுங்க யாரும் இல்லியா?" ராய்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தாள். எந்த வாசல் என்று அவருக்குத் தெரியும். வடக்கு வாசல். அதன் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்றுகூடத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். அவள் அவசரமாகக் கையைக் காட்டி அவரைப் பேசவிடாமல் தடுத்துவிட்டு, தெரிந்ததைச் சொல்லி முடித்தாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம்," என்றாள்.

"அவ்வளவு நேரம் அது தாங்குமா?" என்றான் இளைஞன். பெயர் ஜெரோம் என்றான். "நான் வந்து கால் மணி நேரம் ஆச்சு. அப்ப காலு தெரிஞ்சுச்சு."

தாங்கும். ராய்ஸ்டன் அதைத்தான் சொல்ல நினைத்தார். குவீனி பள்ளத்தின் அடியில் களிமண் இருக்கிறது. வயிற்றுக்கு மேல் குதிரை போகாது. முங்கிச் சாகாது. குளிரிலும் பயத்திலும் உதறி உதறிக் களைத்துத்தான் சாகும். அதனால் முதலில் அந்த நாயைத் தூரமாகக் கொண்டுபோ. சத்தம் போடாமல் இரு. அது ஓய்ந்து நிற்கட்டும். இருபத்தைந்து நிமிஷமென்ன, இரண்டு மணி நேரம் நிற்கும். முப்பத்தொரு வருஷத்தில் ஒன்பது குதிரையை இதே இடத்தில் பார்த்தாயிற்று.

"செவ்வாய்க்கிழமை," என்றார். "செவ்வாய்க்கிழமை."

ஜெரோம் அவரைப் பார்த்தான், பிறகு லொரெய்னைப் பார்த்தான்.

"அவருக்குப் பேச வராது தம்பி. பக்கவாதம். ஆனா இங்க முப்பத்தோரு வருஷம் வார்டனா இருந்தவரு," என்றாள். பெருமையாகவே சொன்னாள்.

"அப்படியா! அப்ப என்ன செய்யணும் சார்?" என்று அவன் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

ராய்ஸ்டன் இடது உள்ளங்கையை விரித்துக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். பொறு. அமைதியாக இரு. திரும்பத் திரும்ப அமுக்கிக் காட்டினார்.

"இறங்குதுன்னு சொல்றாரா?" என்றான் ஜெரோம். "கீழ போயிட்டே இருக்குன்னு?"

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் லொரெய்ன். அவள் முகமும் வெளுத்துவிட்டது.

"எங்க வேன்ல கயிறு இருக்கு!" என்று சொல்லிவிட்டு, நாயை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவன் ஓடிவிட்டான்.

அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ராய்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் அவன் திரும்பி வந்தான். வழியில் ஒரு சைக்கிள்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஐம்பது வயது, தலையில் ஹெல்மெட், கெட்டியான தொடைகள். இருவருமாகக் கயிற்றில் சுருக்குப் போட்டார்கள். ஜெரோம் காய்ந்த பெரணிகளை மிதித்துக்கொண்டு, முழங்கால் புதைய, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் வீசினான். மூன்றாவது வீச்சில் சுருக்கு குதிரையின் கழுத்தில் விழுந்தது.

"ஆச்சு! விழுந்துருச்சு!" என்று கத்தினான்.

ராய்ஸ்டன் அந்தச் சுருக்கையே பார்த்தார்.

கழுத்தில் கட்டி இழுக்கக்கூடாது. சேறு நாலு காலையும் உறிஞ்சிப் பிடித்திருக்கும்போது கழுத்தை இழுத்தால் கால் வராது, கழுத்துதான் போகும். இல்லையென்றால் மூச்சுக்குழாய் போகும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி அகலமான பட்டை போட வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வொரு காலையும் சுற்றித் தண்ணீர் அடித்துச் சேற்றை இளக்க வேண்டும். இதெல்லாம் அவருக்குப் பாடம் மாதிரி வரிசையாக மனசுக்குள் ஓடியது. ஒரு சொல்கூடத் தப்பாமல்.

"செவ்வாய்க்கிழமை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். "செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை!"

சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "கேட்டியா, நமக்கு உற்சாகம் கொடுக்குறாரு! ம், சேந்து இழு. ஒண்ணு, ரெண்டு..."

இழுத்தார்கள். குதிரையின் தலை முன்னால் நீண்டது. அது கனைக்கவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, பழைய கதவு திறக்கிற மாதிரி. கண்ணின் வெள்ளை தெரிந்தது.

ராய்ஸ்டன் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் தெரிந்தது, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. பல்லைக் கடித்து நிறுத்தினார். கைப்பிடியில் தொங்கிய பட அட்டையை இடது கையால் பறித்தார். கழிவறை, தண்ணீர், டீ, படுக்கை. அங்கே கயிறு இல்லை, கழுத்து இல்லை, வேண்டாம் என்பதுகூட இல்லை. வலி என்ற படத்தில் விரலால் குத்தினார். குத்திக்கொண்டே குதிரையைக் காட்டினார்.

லொரெய்ன் நாயோடு ஓடி வந்தாள். "வலியா? உனக்கா? எங்க வலிக்குது ராய்? நெஞ்சா?" அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தாள். "ஐயோ, கடவுளே, இந்தக் குளிர்ல உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு, எனக்குப் புத்தி இல்ல. நெஞ்சு வலிக்குதா சொல்லு!"

அவர் அவள் கையைத் தட்டிவிட்டு மறுபடி குதிரையைக் காட்டினார்.

"ஆமாமா, பாவம், அதுக்கும் வலிக்கும். அதான் இழுக்குறாங்கல்ல. வெளிய வந்துரும், நீ பதறாத," என்று அவர் தலையைத் தடவினாள். குழந்தைக்குத் தடவுகிற மாதிரி.

முப்பத்தாறு வருஷமாக அவர் புருவம் அசைந்தாலே என்னவென்று சொல்லிவிடுகிறவள். இப்போது அவளுக்கும் பயம். பயத்தில் அவள் அவரைத்தான் பார்த்தாளே ஒழிய, அவர் பார்த்ததைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒருதரம்!" என்றார் சைக்கிள்காரர். "உடம்பு சாஞ்சு, மொத்த பலத்தோட. ஒண்ணு..."

ராய்ஸ்டனின் இடது கை இடுப்பு வாருக்குப் போனது. கொக்கி வலது பக்கம் இருந்தது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். உடம்பைத் திருகி, விரலை நுழைத்து, நகம் மடங்க அமுக்கினார். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் திறந்தது. இடது காலைத் தரையில் ஊன்றி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் சாய்ந்தார்.

முகம் முதலில் மோதியது. வாயெல்லாம் மண்ணும் ஹெதர்க் குச்சியும். வலது கை எங்கோ உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. லொரெய்ன் அலறிய அலறல் பார்க் முழுக்கக் கேட்டிருக்கும்.

கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அவர் கன்னம் தரையில் கிடக்க, புல்லுக்கு இடையில் கயிறு தளர்ந்து தொய்வதைப் பார்த்தார். அது போதும் என்று அப்போது தோன்றியது.

அவரைத் தூக்கி உட்காரவைக்க மூன்று பேருக்கும் ஐந்தாறு நிமிஷம் பிடித்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. லொரெய்ன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அழுதாள், திட்டினாள். "ஒரு நிமிஷம்! ஒரே ஒரு நிமிஷம் உன்ன விட்டுட்டுத் திரும்ப முடியாதா என்னால? எலும்பு முறிஞ்சிருந்தா என்ன பண்ணுவேன் நான்?" ஜெரோம் அவர் காலணியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டான். "போய் அந்தக் கயித்த..." என்று சைக்கிள்காரர் ஆரம்பித்தபோது, மேட்டின் மேல் தீயணைப்பு வண்டியின் நீல விளக்கு தெரிந்தது. வடக்கு வாசல் பூட்டியிருந்ததால் சுற்றிக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

வந்தவர்களில் தலைமை ஒரு பெண். கட்டையான உருவம், நரைத்த முடி. வந்ததும் வராததுமாகச் சேற்றைப் பார்த்தாள்.

"கழுத்துல கயிறு கட்டுனது யாரு?"

ஜெரோம் கையைப் பாதி தூக்கினான்.

"இழுத்தீங்களா?"

"ரெண்டு தரம்... மூணு தரம்."

அவள் பலகைகளைப் போட்டு நடந்து போய், முதல் வேலையாகக் கயிற்றை அறுத்தாள். பிறகு எல்லாம் ராய்ஸ்டன் மனசுக்குள் சொன்ன வரிசையிலேயே நடந்தது. காலைச் சுற்றித் தண்ணீர் அடித்தார்கள். நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டார்கள். இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, சறுக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் அவர்கள் பலகை போட்ட பக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. கிழக்குப் பக்கம் அடியில் பழைய சரளைப் பாதை ஒன்று உண்டு, அதன் மேல் நின்றிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவர் கம்பளிக்குள் உட்கார்ந்து, அந்தச் சரளைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரை கரைக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் நடக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கால்நடை மருத்துவரும் வந்துவிட்டார். உயரமான, ஒல்லியான பெண். ஊசி போட்டார், வைக்கோலால் தேய்க்கச் சொன்னார், போர்வை போர்த்தச் சொன்னார். குதிரை முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. தலையைத் தூக்க முடியவில்லை. ஒரு பக்கமாகவே சாய்ந்தது. விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தது. அப்புறம் பார்க்கவில்லை.

மருத்துவர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, தலைமைப் பெண்ணிடம் தணிந்த குரலில் பேசினார். ராய்ஸ்டனுக்கு அது கேட்கத் தேவையில்லை.

லொரெய்னுக்கும் புரிந்துவிட்டது. "வா ராய். போலாம். நீ இதப் பாக்க வேணாம்," என்று நாற்காலியைத் திருப்பினாள். தள்ள ஆரம்பித்தாள்.

எத்தனையோ குதிரைகளுக்கு இந்த நேரத்தில் தலைமாட்டில் இருந்தவர் அவர். தலையை மடியில் வைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு, ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. தெரிந்த குரலாக இருந்தால் போதும். இந்தக் குதிரை பிறந்தபோது மார்ச் மாதப் பனியில் அதை வைக்கோலால் துடைத்தது அவர்தான். அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்தார். ரப்பர் உள்ளங்கையை உராய்ந்தது. விடவில்லை. நாற்காலி ஒரு பக்கமாகச் சுழன்று நின்றது.

லொரெய்ன் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தரம் நிதானமாகப் பார்த்தாள்.

"அது பக்கத்துல இருக்கணுமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. எதுவாவது தப்பாக வந்து தொலையப்போகிறது என்று பயம்.

"சரி," என்றாள். "சரிடா, ராசா."

திருப்பித் தள்ளினாள். மணல் தாண்டி ஈரமண். சக்கரம் பாதி புதைந்தது. அவள் முட்டி போட்டு முட்டுக்கொடுத்தாள். நாலடி நகர்ந்தது, மறுபடி புதைந்தது, அதற்குமேல் அசையவில்லை. குதிரையின் தலை பத்தடி தூரத்தில் கிடந்தது. ஒரு தீயணைப்பு வீரர் வந்து உதவட்டுமா என்று கேட்பதற்குள், மருத்துவர் கடைசி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். பத்தடிக்கு இப்பாலிருந்து ராய்ஸ்டன் கையை நீட்டினார். குதிரையின் காது ஒருதரம் இந்தப் பக்கம் திரும்பியது. அவரைக் கேட்டா, காற்றைக் கேட்டா என்று தெரியாது. அப்புறம் அடங்கிவிட்டது.

அவர்கள் தார்ப்பாயை எடுக்கப் போனார்கள். கூட்டம் கலைந்தது. லொரெய்ன் நாற்காலியைச் சரிசெய்ய, வாரை மறுபடி மாட்டக் குனிந்தாள். கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உடையவில்லை, தேயவில்லை. மாட்டிப் பார்த்தாள், பிடித்தது. இழுத்துப் பார்த்தாள், விடவில்லை.

"நான் மாட்டினேனே," என்றாள் தனக்குத்தானே. பிறகு அவர் மடங்கிய நகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த விரலைத் தன் வாயருகே வைத்து ஊதினாள்.

அவள் ஃபிளாஸ்க்கை எடுக்கப் பையைத் தேடிப் போனபோதுதான் ஜெரோம் வந்தான். இடுப்பு வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நாயைக் காலோடு ஒட்டிப் பிடித்திருந்தான். அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

"சார்," என்றான். நாற்காலிக்கு முன்னால் குந்தினான். "நீங்க முப்பத்தோரு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியும். அவங்க யாரும் நேரடியா சொல்ல மாட்டேங்குறாங்க. நான் இழுத்ததாலதான் அது செத்துச்சா?"

ராய்ஸ்டன் அவன் முகத்தைப் பார்த்தார்.

எண்பத்தொன்பதாம் வருஷம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மழைக்காலம். இதே பள்ளம், ஒரு கறுப்புக் குதிரை. அவர் கழுத்தில்தான் சங்கிலி கட்டினார், மறு முனையை டிராக்டரில் மாட்டினார். இழுத்த ஒரே இழுப்பில் முடிந்துபோனது. அன்றைக்கு அவருக்கு வயது இருபத்தெட்டு. பெரிய வார்டன் அவரைத் திட்டவில்லை. குழி தோண்டி முடிக்கிற வரைக்கும் கூடவே நின்றார். அதை ராய்ஸ்டன் லொரெய்னிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது இந்தப் பையனிடம் சொல்லலாம் போலிருந்தது. ஆமாம், அதனால்தான் செத்தது. அது உன் தப்பில்லை. சும்மா நிற்க மனசு வராமல் செய்தாய். நானும் அதைத்தான் செய்தேன். அதற்குப் பிறகு ஏழு குதிரையை உயிரோடு எடுத்தேன். எல்லாச் சொல்லும் தயாராக நின்றன.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டினால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. போனாலும், அவன் கேட்டதற்கு ஆமாம் மட்டும் பதில் இல்லை, இல்லை மட்டும் பதில் இல்லை. அவர் இடது கையை நீட்டி அவன் கையைப் பிடித்தார். கெட்டியாகப் பிடித்தார். தன்னால் முடிந்த அத்தனையும் அந்தப் பிடியில் வைத்தார்.

ஜெரோம் காத்திருந்தான். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கண்ணில் தண்ணீர் இறங்கியது. அவன் தலை மெல்லத் தாழ்ந்தது.

"சரி சார்," என்றான். "புரியுது."

அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவன் மரியாதையாக, ஒவ்வொரு விரலாக எடுத்துத் தன் கையை விடுவித்துக்கொண்டான். "உங்ககிட்ட கேட்டிருக்கக்கூடாது. மன்னிச்சுக்கங்க," என்று எழுந்து, நாயைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனான்.

லொரெய்ன் டீயோடு வந்தாள். "என்ன சொன்னான்? நல்ல பையன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டான்," என்று மூடியில் டீயை ஊற்றி அவர் உதட்டில் வைத்தாள். கிழிந்த இடத்தில் சுட்டது. அவர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார்.

"ஆமா, போலாம். அஞ்சாகப் போகுது," என்றாள்.

தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் நாற்காலியை அப்படியே தூக்கி மணலைத் தாண்டி விட்டார்கள். ஓக் மரங்களுக்கு அடியில் அவள் பேசிக்கொண்டே தள்ளினாள்: உதட்டுக்கு மருந்து போட வேண்டும், பேன்ட்டை இன்றைக்கே ஊறப்போட வேண்டும், அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் சொல்லி அட்டையில் இன்னும் நாலு படம் போட வேண்டும், என்ன படம் என்று நீ யோசித்து வை.

கார் நிறுத்துமிடத்தில் பார்சல் வேன் இன்னும் நின்றிருந்தது. பக்கக் கதவு திறந்திருந்தது. ஜெரோம் படியில் உட்கார்ந்து, சுருட்டிய கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லொரெய்ன் அவரைக் காரில் ஏற்றி, வாரை மாட்டி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தாள். வண்டியை எடுத்து வேனைக் கடக்கும்போது கையை அசைத்தாள். அவன் பார்க்கவில்லை. ராய்ஸ்டன் இடது கையால் கண்ணாடியைத் தட்டினார், மறுபடியும் தட்டினார். உள்ளே அது பெரிய சத்தமாகத்தான் கேட்டது.

"தட்டாதடா, கை வலிக்கும்," என்றாள் லொரெய்ன், சாலையைப் பார்த்தபடியே, வண்டியைத் திருப்பிக்கொண்டு.